வெறும் அட்டவணையா, விளக்கத்தோடா?

தொகைமதிப்பு, அதாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதன் முடிவுகளை அரச புள்ளிவிபரத் திணைக்களம் எப்படி வெளியிட வேண்டும் என்பதுதான் கேள்வி. 1953 தொகைமதிப்பில் இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு மாவட்டத்தில் சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் பேர். 1963 இல் 2 லட்சம்கூடத் தேறவில்லை. இந்த இரண்டு எண்களை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் போட்டுப் பாருங்கள், பத்து நிமிடத்தில் ஒருவர் "நம்மட ஆக்கள் எங்க போன?" என்று கேட்பார், அடுத்தவர் அதற்கு ஒரு முழுக் கதையே எழுதிவிடுவார். யாரும் எங்கும் போகவில்லை. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமானது, கல்முனையும் அக்கரைப்பற்றும் பொத்துவிலும் அந்தப் பக்கக் கணக்கில் ஏறின, அவ்வளவுதான்.

அட்டவணையை மட்டும் தந்தால் போதும் என்பவர்களிடம் நான் முதலில் காட்டுவது இதைத்தான். அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூன்று சமூகங்களும் ஒன்றின் சதவீதத்தை மற்றது எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் கரையோரம் இது, அரச திணைக்களம் "அதிரடி உயர்வு" என்று ஒரு சொல் போட்டாலே போதும், ஒரு வாரச் சண்டைக்கு. ஆனால் அட்டவணை கருத்தே சொல்லாது என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. 1911 தொகைமதிப்பில்தான் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று தனித்தனி நிரல் போட்டார்கள். அந்த நிரல் ஒரு கருத்து இல்லையா?

மறுபக்கம், முழு அலசலோடு வரட்டும் என்பவர்கள். இவர்களுக்குப் பெரிய முன்னோடி நம்மவரே: 1901 தொகைமதிப்பை நடத்திய பொன்னம்பலம் அருணாசலம். எண்களை அடுக்கிவிட்டு எழுந்துபோகாமல், நாட்டின் மக்கள், மதங்கள், வாழ்க்கை பற்றியெல்லாம் விரிவாக எழுதினார். அந்த மரபு எனக்குப் பிடிக்கும். ஆனால் இன்று அதையே செய்யச் சொன்னால் எங்கே இடறும் தெரியுமா? 1981 இல் மட்டக்களப்பில் 3 லட்சத்து 30 ஆயிரம், 2012 இல் 5 லட்சத்து 26 ஆயிரம், கிட்டத்தட்ட 60 சதவீத உயர்வு. நாடு முழுக்கக் கூடியது 37 சதவீதம்தான். ஏன்? பிறப்பா, இடம்பெயர்ந்து வந்தவர்களா, யுத்தத்திலும் சுனாமியிலும் போனவர்களையும் வெளிநாடு போனவர்களையும் எப்படிக் கழிப்பது, வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரைக்கும் மேற்கே உள்ள படுவான்கரைக்கும் ஒரே பதில்தானா? ஒரு தொகைமதிப்புப் படிவம் இதற்கெல்லாம் பதில் சொல்லாது. அதிகாரி எழுதினால் அது ஊகம்தான், என்ன, அரசாங்க முத்திரை குத்திய ஊகம்.

அப்புறம் 2001. அந்தத் தொகைமதிப்பு அம்பாறையில் முழுதாக நடந்தது, மட்டக்களப்பில் ஒரு பகுதியில்தான் நடந்தது. ஆகவே 2001 எண்ணை 2012 எண்ணோடு வைத்து அம்பாறையின் வளர்ச்சியைச் சொல்லலாம், மட்டக்களப்பின் வளர்ச்சியைச் சொல்லவே முடியாது. வெறும் அட்டவணையில் இரண்டு எண்களும் ஒரே மாதிரிதான் உட்கார்ந்திருக்கும்.

அதனால் எனக்கு மூன்றாவது வழி: காரணம் சொல்ல வேண்டாம், எண் எப்படி வந்தது என்று சொல்லுங்கள். எல்லை மாறியதா, எந்தப் பகுதி எண்ணப்படவில்லை, யாரை 'வசிப்பவர்' என்று எடுத்தார்கள். இதோடு இன்னொன்று, எண்களைப் பிழையாகப் படிப்பவர்களைத் திணைக்களம் திருத்த வேண்டும். 1994 இல் ஐ.நா. புள்ளிவிபர ஆணைக்குழு ஏற்ற, அரச புள்ளிவிபரங்களுக்கான அடிப்படைக் கோட்பாடுகளில் நாலாவது இந்த உரிமையைத்தான் தருகிறது. இங்கே அதற்கு வேலை நிறைய. "சனத்தொகை கூடினால் எம்பி கூடும்" என்று படித்தவர்களே சொல்கிறார்கள், ஆனால் மாவட்ட ஆசனங்களைப் பங்கிடுவது பெரும்பாலும் பதிவான வாக்காளர் எண்ணிக்கையை வைத்து. 2024 தேர்தலில் அம்பாறைக்கு 7, மட்டக்களப்புக்கு 5 என்பதும் பெரும்பாலும் அப்படி வந்ததுதான்.

சரி, 'ஏன்' என்ற கேள்வியை யார் எடுப்பது? மட்டக்களப்பின் வந்தாறுமூலையில் ஒரு பல்கலைக்கழகம், அம்பாறையின் ஒலுவிலில் ஒன்று. இருவரும் எழுதட்டும், ஒருவரை ஒருவர் மறுக்கட்டும், மூல எண்கள் எல்லோர் கையிலும் இருந்தால் போதும்.

ஒரே நிபந்தனை. குறிப்பைத் தனிக் கோப்பில், நூறாம் பக்கத்தில் ஒளிக்கக் கூடாது. நாம் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் ஆட்கள். "1961 இல் எல்லை மாறியது" என்ற அந்த ஒரு வரி 1963 என்ற நிரலுக்குள்ளேயே, எண்ணை ஒட்டி இருக்கட்டும், வெட்டினால் எண்ணும் சேர்ந்து போகிற மாதிரி.