காட்கில் அறிக்கையா, கஸ்தூரிரங்கன் அறிக்கையா?

மேற்குத் தொடர்ச்சி மலையை எப்படிக் காப்பது என்று சொல்ல, அந்த ஒரே மலைத்தொடருக்கு ஒன்றிய அரசு இரண்டு நிபுணர் குழுக்களைப் போட்டது. 2010இல் சூழலியலாளர் மாதவ் காட்கில் தலைமையில் ஒன்று. அதன் அறிக்கைக்கு மாநிலங்களில் எதிர்ப்பு கிளம்பியதும், 2012இல் இஸ்ரோவின் முன்னாள் தலைவர் கஸ்தூரிரங்கன் தலைமையில் இன்னொன்று.

காட்கில் குழு மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதையும் சூழல் முக்கியத்துவம் உள்ள பகுதி என்றது. மூன்று மண்டலங்களாகப் பிரித்தாலும், எங்கே எது கூடாது என்பதைக் கிராம சபைகளோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும் என்றது. (மக்களுக்கு எதிரான அறிக்கை என்று திட்டியவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை போலும்.) 2011 ஆகஸ்டில் கொடுத்த அறிக்கையை அமைச்சகம் வெளியிடவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு, விஷயம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், 2012 மே மாதம்தான் வெளியே வந்தது.

கஸ்தூரிரங்கன் குழு செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தது. ஊர், வயல், தோட்டங்களைத் தனியே கழித்துவிட்டு, சுமார் 37 சதவீதத்தை, அதாவது ஏறக்குறைய 60,000 சதுர கி.மீ. பரப்பை மட்டும் காக்கச் சொன்னது. அங்கே சுரங்கமும் குவாரியும் கூடாது. அரசுக்கு இது எளிது, சரி. ஆனால் தோட்டத்துக்கு மேலே இருக்கும் காட்டிலிருந்துதானே ஓடை வருகிறது? கோடு போட்டுப் பிரித்தால் தண்ணீருக்குத் தெரியுமா? எனக்குக் காட்கில் பக்கம்தான் சாய்வு.

குறைத்துக் கேட்டதாவது நடந்ததா என்றால், 2014 முதல் வரைவு அறிவிக்கைகள்தான் வந்தன. ஆறாவது வரைவில் இருந்த தேதி 2024 ஜூலை 31, வயநாடு நிலச்சரிவுக்கு மறுநாள்.