72,000 ரூபாயும் போய், ஓப்பன் ஃபைலும் போய்: மதுரையில் வரைந்து பிழைக்கும் பெண்களுக்கு ஓர் எச்சரிக்கை

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மாசி வீதிகளுக்குள் இருக்கும் ஒரு ஜவுளிக் கடை எனக்கு 72,000 ரூபாய் தர வேண்டும். தரப்போவதில்லை என்பது இன்று காலை உறுதியாகிவிட்டது. படத்தின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனி லேயராகத் திருத்தக்கூடிய மூல ஃபைலைத்தான் ஓப்பன் ஃபைல் என்போம், அதுவும் அவர்கள் கையில். கை இன்னும் நடுங்குகிறது. கடைப் பெயரைப் போடாதே, வழக்கு என்று போனால் அதையே உன் மேல் திருப்புவார்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். சரி, பெயர் வேண்டாம். கல்யாணப் பட்டும் சுங்குடியும் விற்கிற, மூன்று தலைமுறையாக நடக்கிற கடை. அவ்வளவு போதும்.

நான் இல்லஸ்ட்ரேட்டர். புத்தக அட்டை, கல்யாணப் பத்திரிகை, ஹோட்டல் சுவர், பாக்கெட் டிசைன் எல்லாம் செய்கிறேன். இந்தத் தொழிலில் இருக்கும் ஒரு பெண் என்ன கற்றுக்கொண்டாள் என்று நீளமாக ஒரு பதிவு எழுதுவதாகப் புதிதாக வந்த பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். அந்தப் பதிவு இப்போதைக்கு இதுதான்.

சித்திரைத் திருவிழாவை ஒட்டி அந்தக் கடை தன் பை, அட்டைப்பெட்டி, விலைச்சீட்டு எல்லாவற்றையும் புதிதாக மாற்ற நினைத்தது. பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த 2019-லிருந்தே துணிப்பைதான் கொடுக்கிறார்கள். அதில் வெறும் கடைப் பெயருக்குப் பதிலாக மதுரைப் படம் வேண்டும் என்றார்கள். மொத்தம் 92,000 பேசினோம், முன்பணம் 20,000. அதிலும் பத்து சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரிக்கான பிடித்தம், பிடித்துக்கொண்டு 18,000 போட்டார்கள். மீதி 72,000 ஃபைல் கொடுக்கும் அன்றே என்று பேச்சு.

அழகரைப் பையில் வரைய நான் சம்மதிக்கவில்லை. பை நாலு நாளில் குப்பைக்குப் போகும், காலில் மிதிபடும். அதனால் அழகரைப் பார்க்க வருகிற ஜனங்களை வரைகிறேன் என்றேன். அழகரை ஜனங்கள் எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை அன்று தல்லாகுளத்தில் நின்று கிறுக்கிய நோட்டு கைவசம் இருந்தது. தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர், தீப்பந்தம் பிடிக்கிறவர், நாட்டுச் சர்க்கரை நிரப்பிய செம்பின் மேல் சூடம் ஏற்றி நிற்கிற அம்மா. துணியில் ஸ்கிரீன் பிரிண்டிங், நிறம் கூடினால் செலவும் கூடும் என்பதால் மூன்று நிறத்தோடு நிறுத்தினோம். அதில் ஒன்று பச்சையாக இருக்க வேண்டும் என்று முதலாளி பிடிவாதமாக இருந்தார். அழகர் பச்சைப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்கினால் அந்த வருஷம் செழிக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. எனக்கும் உண்டு. சந்தோஷமாகத்தான் போட்டேன். அந்தச் சர்க்கரைச் செம்பு அம்மாவின் இடது முன்கையில் என் அப்பத்தா கையில் பச்சை குத்தியிருந்த கோலத்தை அப்படியே வைத்தேன். ஒன்பது புள்ளி, சுற்றி ஒரு வளைவுக் கோடு, அந்தக் கோடு ஒரு இடத்தில் விட்டுப்போயிருக்கும்.

இப்போது எனக்கு வயிறு எரிகிற இடத்துக்கு வருகிறேன்.

வேலை முடிந்து, கடைசி ஒப்புதலுக்காகக் கடைக்குப் போனேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்கள். முதலாளியின் மனைவி தட்டில் மல்லிகைப் பூ, குங்குமம், ஒரு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தார். "எங்க வீட்டுப் பொண்ணுக்குக் குடுக்குற மாதிரிதான்" என்றார். காபி வந்தது. எழுத்தில் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்று நான் அதற்கு முன்பே கேட்டிருந்தேன், அன்றும் கேட்டேன். முதலாளி சிரித்துக்கொண்டே, "என்ன தங்கச்சி, நமக்குள்ள எதுக்குப் பேப்பரு? சிவகாசில ப்ளேட்டு போட ஆள் உக்காந்திருக்கான். நைட்டுக்குள்ள ஓப்பன் ஃபைல் போனாத்தான் திருவிழாவுக்குள்ள பெட்டி வரும்" என்றார். நான் தயங்குவதைப் பார்த்து எழுந்தார். மீனாட்சி படத்துக்குக் கீழே இருந்த கல்லாப்பெட்டியின் மேல் கையை வைத்தார். "இந்தக் கல்லாவைத் தொட்டுச் சொல்றேன். காலைல உன் அக்கவுண்டுல இருக்கும்."

வியாபாரம் செய்கிறவர் கல்லாவைத் தொட்டுச் சொல்வதற்கு என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அன்று ராத்திரி லேயர் பிரிக்காத ஃபைலும் லேயர் உள்ள ஃபைலும் இரண்டுமே போய்விட்டன. காலையில் பணம் வரவில்லை.

அதன் பிறகு கேட்ட பதில்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில் அப்படியே இருக்கின்றன. ஆடிட்டர் ஊரில் இல்லை. செவ்வாய், வெள்ளி வெளியே காசு கொடுப்பதில்லை. பங்காளி வீட்டில் ஒரு துக்கம். பில்லில் முகவரி தப்பு, மாற்றிக் கொடுங்கள். மாற்றிக் கொடுத்தால், பில் பெரியவரிடம் இருக்கிறது. ஆடித் தள்ளுபடி முடியட்டும். அப்புறம் நீல டிக் மட்டும் விழுந்தது, பதில் இல்லை. கடைசியில் போனை எடுத்துக்கொண்டிருந்த பையனும் எடுப்பதை நிறுத்திவிட்டான்.

இடையில் மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது முன்னால் நின்ற ஒரு அம்மாவின் கையில் அந்தப் பை. என் படம். செம்பின் அடியில் சிறிதாக என் கையெழுத்து இருந்தது, அதை எடுத்துவிட்டிருந்தார்கள். ஓப்பன் ஃபைல் கையில் இருந்தால் ஒரு லேயரை அழிக்க எவ்வளவு நேரமாகும்? ஆனால் அப்பத்தா பச்சை அப்படியே இருந்தது, விட்டுப்போன கோட்டோடு. நிறம் போட உதவிய பெண்ணுக்கு நான் என் கைக்காசிலிருந்து 9,000 கொடுத்துவிட்டேன். அவள் கல்லூரிக் கட்டணத்துக்காக நம்பியிருந்தாள். அவளை நான் காத்திருக்க வைக்கவில்லை. என்னை மட்டும் ஏன் காக்க வைக்கிறார்கள்?

இன்று காலை நேரிலேயே போனேன். முதலாளி கல்லாவில் உட்கார்ந்து நோட்டு எண்ணிக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவே இல்லை. மேனேஜர்தான் பேசினார். "படந்தானேம்மா. இப்ப ஏஐல கேட்டா ஒரு நிமிஷத்துல பத்துப் படம் குடுக்குது. உனக்குக் குடுத்த இருவதே சாஸ்தி." கடையில் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். நான் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். 72,000 ரூபாய் அவர்களுக்கு ஒரு முகூர்த்த நாளின் மதிய வியாபாரம். எனக்கு வீட்டு வாடகை, அம்மாவின் மருந்து, நான் வரைகிற டேப்லெட்டின் இஎம்ஐ.

பிடித்த டிடிஎஸ் 2,000-த்தையாவது கட்டினார்களா என்று வருமான வரி இணையதளத்தில், நம் பேரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைப் பார்த்தேன். என் பேரில் ஒரு பைசா இல்லை. அதைச் சேர்த்தால் 74,000.

விலை எப்படிச் சொல்வது, பெண் என்றால் ஏன் பாதி விலை கேட்கிறார்கள், போர்ட்ஃபோலியோ எப்படி வைப்பது என்று நிறைய எழுத நினைத்திருந்தேன். இப்போது மனசு ஓடவில்லை. அவசரமாகச் சிலது மட்டும்.

முழுப் பணம் வங்கியில் விழும் வரை ஓப்பன் ஃபைல் கொடுக்காதீர்கள், வாட்டர்மார்க் போட்ட படம் போதும். பூவும் குங்குமமும் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஃபைலைக் கொடுக்காதீர்கள். படத்தின் உரிமை யாருக்கு, எதற்கு, எத்தனை வருஷம் என்று கொட்டேஷனிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி எழுத்தில் கையெழுத்து இல்லாமல் உரிமை கைமாறாது. ஆனால் காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு 17-வது பிரிவில் வேறு விதி இருக்கிறது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் வரையச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். அதனால்தான் முன்கூட்டியே எழுதச் சொல்கிறேன்.

வேலையைத் தொடங்கும் முன்பே உத்யம், அதாவது சிறு தொழில் செய்கிறவர்களுக்கான அரசுப் பதிவு, செய்துவிடுங்கள். அரசு தளத்தில் அது இலவசம், பணம் கேட்கிற தளத்துக்குள் போகாதீர்கள். பதிவு இருந்தால் 2006-ம் வருஷத்து எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகாரை ஆன்லைனிலேயே கொடுக்கலாம். என்னிடம் பதிவு இருக்கிறது, இன்று ராத்திரி போடுகிறேன். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் திங்கட்கிழமை போகிறேன். வாட்ஸ்அப் பேச்சை எதையும் அழிக்காதீர்கள், வாய்ஸ் நோட்டையும்தான்.

அந்தக் கடை தீபாவளிக்கு வேறு ஆளைத் தேடுகிறது என்று இன்றுதான் ஒரு தோழி சொன்னாள். கூப்பிட்டவர்கள் இரண்டு பேருமே இப்போதுதான் படிப்பு முடித்த பெண்கள். அந்தப் பெண்களைத் தெரிந்தவர்கள் இதைக் காட்டுங்கள், கடைப் பெயரைத் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

இன்னொரு உதவி. சித்திரையில் துணி எடுத்தவர்கள் வீட்டில் அந்தத் துணிப்பை கிடந்தால், செம்பு பிடித்த அம்மாவின் இடது கை தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து, வாங்கிய தேதியுள்ள பில்லோடு எனக்கு அனுப்புங்கள். எத்தனை வந்தாலும் வேண்டும்.