ஆளுக்கொரு நேரம் சாப்பிடும் வீட்டுக்கு எந்த பாஸ்தா?

பாஸ்தா வகைகளுக்கு மார்க் போடுகிறவர்கள் பெரும்பாலும் ருசியையும் நேரத்தையும்தான் பார்க்கிறார்கள். ‘15 நிமிடத்தில் ரெடி’, ‘5 பொருள் போதும்’ என்று. நம் வீடுகளில் அது பாதிக் கணக்குதான். சின்னது 7.30 மணிக்கே தூக்கக் கலக்கத்தோடு தட்டு முன்னால் உட்காரும். டியூஷன் முடிந்து பெரியவள் வர 8.15 ஆகும். ஆபீஸ் போனவர் வந்து கைகால் கழுவ 9.30. தோசை இதற்கெல்லாம் ஈடுகொடுக்கும். வர வர ஊற்றிக் கொடுத்துவிடலாம். பாஸ்தா கொடுக்குமா? அதனால் இங்கே எது சுலபம் என்பதோடு, எது காத்திருக்கும் என்றும் பார்க்கப் போகிறேன்.

போட்டியில் நான்கு: தக்காளி சாஸ், வெள்ளை சாஸ், பூண்டும் ஆலிவ் எண்ணெயுமாகச் செய்யும் ஆல்யோ ஏ ஓலியோ, சீஸும் மிளகுமாகச் செய்யும் காச்சோ ஏ பேபே. இஞ்சி பூண்டு விழுது, கரம் மசாலா எல்லாம் போட்டு வதக்கும் மசாலா பாஸ்தாவை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அது நன்றாகவே இருக்கும். ஆனால் சேமியா கிச்சடி செய்யத் தெரிந்தவருக்கு அதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

சாஸுக்கு முன்னால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். துரம் கோதுமை ரவை என்று இருக்க வேண்டும். இத்தாலியில் காய்ந்த பாஸ்தாவை துரம் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று 1967லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். புரதம் கூடுதலான கோதுமை அது. வெந்த பிறகும் உருக்குலையாமல் நிற்கும். மைதாவில் செய்த மலிவு மக்ரோனி அடுப்பை அணைத்த கொஞ்ச நேரத்திலேயே கொழகொழவென்று ஆகிவிடும், அதற்கு எந்த சாஸும் கை கொடுக்காது. 4 பேருக்கு 350 முதல் 400 கிராம் போதும். 100 கிராமுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலியர் கணக்கு. நம் வீட்டுப் பாத்திரத்துக்கு 3 லிட்டர் வைத்து, ஆரம்பத்தில் இரண்டு மூன்று தடவை கிளறிவிட்டாலே சரியாக வரும். தண்ணீரில் எண்ணெய் விடுவது வீண், அது மேலேயே மிதக்கும். வடித்ததைக் குழாயடியில் காட்டி அலசவும் வேண்டாம். சாஸ் ஒட்டிக்கொள்ள உதவும் மாவுப்பசை அத்தனையும் சிங்க்கோடு போய்விடும்.

இனி தக்காளி. நேரம் அதிகம் பிடிப்பது இதுதான், 40 நிமிடத்துக்குக் குறையாது. இருந்தும் முதலிடம் இதற்கே. நன்கு பழுத்த 1 கிலோ தக்காளியின் அடியில் கத்தியால் குறுக்கே கீறி, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்தால் தோல் கையோடு உரிந்து வரும். 4 மேசைக்கரண்டி எண்ணெயில் நசுக்கிய பூண்டு 4 பல் போட்டு, நிறம் மாறுவதற்குள் தக்காளியைக் கையால் பிசைந்து விட்டு, உப்புச் சேர்த்து, மிதமான தீயில் விட்டுவிடுங்கள். முதல் 10 நிமிடம் ரசம் மாதிரி தண்ணீராகத் தளதளக்கும். 20 நிமிடத்தில் குமிழிகள் பெரிதாகி, மெதுவாக வெடித்து, அடுப்பு மேடையெல்லாம் சிவப்புப் புள்ளி வைக்கும். அப்போது தீயைக் குறைக்க வேண்டும். ஓரத்தில் எண்ணெய் லேசாகப் பிரிந்து, கரண்டியால் இழுத்த பாதை உடனே மூடாமல் ஒரு கணம் நின்றால் இறக்கிவிடலாம். அதற்கு மேல் சுண்டவிட்டால் தொக்கு.

நாட்டுத் தக்காளியில் புளிப்பும் சாறும் கூடுதல், சுண்ட நேரமாகும். இறக்கும்போது ஒரு சிட்டிகை சர்க்கரை கேட்கும். பெங்களூர் தக்காளியில் சதை அதிகம், சீக்கிரம் கெட்டிப்படும், ஆனால் தனியாக ருசி மட்டு. இரண்டையும் பாதிப் பாதி போடுவது என் பழக்கம். பேசில் கிடைக்காவிட்டால் துளசியைப் போடாதீர்கள், கஷாய வாசனை வந்துவிடும். பூக்கடையில் கிடைக்கும் திருநீற்றுப் பச்சிலை பேசிலோடு ஒரே இனம். மணம் சற்றுத் தூக்கலாக இருக்கும் என்பதால் நாலு இலை போதும்.

முக்கியமான விஷயம், இந்த சாஸை மாலை 5 மணிக்கே செய்து வைத்துவிடலாம். பாஸ்தாவை மட்டும் யார் வருகிறாரோ அவருக்கு அப்போது வேகவைத்து, இரண்டு கரண்டி சாஸோடு ஒரு புரட்டு. குழல் வடிவ பென்னே என்றால் 11 நிமிடம்தான். 9.30 மணிக்காரருக்கும் 7.30 மணிக்காரருக்குக் கிடைத்த அதே சாப்பாடு. மிச்சம் ஃபிரிட்ஜில் மூன்று நாள் இருக்கும். குறை என்றால் தக்காளி விலைதான். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியதே, அந்த மாதிரி மாதங்களில் இந்தப் பரிந்துரை செல்லாது.

வெள்ளை சாஸ் குழந்தைகளின் கட்சி. காரமில்லை, புளிப்பில்லை, உள்ளே கேரட்டையும் பட்டாணியையும் ஒளித்துவைத்தாலும் கேள்வி கேட்க மாட்டார்கள். நம் ஊர் பேக்கரி, காபி ஷாப் மெனுக்களில் பாஸ்தா என்றாலே இதுதான் என்று ஆகிவிட்டது. இத்தாலியில் இதே சாஸை லசான்யா போன்ற, ஓவனில் வேகும் அடுக்குப் பண்டங்களுக்குத்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். 40 கிராம் வெண்ணெயில் 40 கிராம் மைதாவைப் பச்சை வாசனை போகும்வரை, நிறம் மாறாமல் வறுத்து, 700 மில்லி பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத் துடுப்பால் அடித்துக்கொண்டே இருந்தால் கட்டி தட்டாது. முழுப்பாலையும் ஒரேயடியாகக் கொட்டினால்தான் வினை. உப்பு, மிளகு, துருவிய ஜாதிக்காய் ஒரு சிட்டிகை, அவ்வளவுதான்.

ஆனால் ஆற ஆற இது இறுகும். அடுப்பில் சரியாகத் தெரிந்த பதம் தட்டில் கூழாகி, ஒரு மணி நேரத்தில் கரண்டி நட்டால் நிற்கும். அதனால் இன்னும் கொஞ்சம் தண்ணியாக இருக்கிறதே என்று தோன்றும் நிலையிலேயே இறக்குங்கள். பிந்தி வருகிறவருக்குக் கால் டம்ளர் பால் விட்டுச் சிறுதீயில் இளக்கிக் கொடுக்கலாம். இளகும், ஆனால் முதல் தடவை இருந்த வழவழப்பு வராது. வாரம் ஒருமுறைக்கு மேல் இதைச் செய்ய எனக்கு மனசு வராது. மைதா மேல் பாஸ்தா, அதன் மேல் சீஸ் என்று வயிறு கனத்துப் போகிறது.

ஆல்யோ ஏ ஓலியோ நேப்பிள்ஸ் பக்கத்துச் சாப்பாடு. ஸ்பகெட்டி வேகும் நேரத்திலேயே மற்றதும் முடிந்துவிடும். இதன் வெற்றி தோல்வி பூண்டில்தான். 100 மில்லி எண்ணெயை ஆறின வாணலியிலேயே ஊற்றி, மெல்லிசாக நறுக்கிய பூண்டையும் அப்போதே போட்டு, சிறுதீயில் ஏற்ற வேண்டும். நாம் தாளிக்கிற பழக்கத்தில் எண்ணெயைக் காயவிட்டுப் போட்டால் ஓரம் கருகி, பண்டம் முழுக்கக் கசக்கும். வெளிர் பொன்னிறம் வந்ததும் கிள்ளிய வரமிளகாய், உடனே ஒரு கரண்டி பாஸ்தா வேகும் தண்ணீர். அந்தத் தண்ணீரில் இருக்கும் மாவுப்பசைதான் எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து, ஸ்பகெட்டி மேல் பளபளவென்று பூசும். சாதாரணப் பூண்டு 10, 12 பல் தாங்கும். கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் பாதி போதும், அதன் நெடி தனி. நல்லெண்ணெயில் முயற்சி செய்ய வேண்டாம், அதன் வாசனை பூண்டை மீறிவிடும். ஆலிவ் எண்ணெய் விலை உறுத்தினால் கடலை எண்ணெய் பரவாயில்லை.

காத்திருப்பு என்று பார்த்தால் இது தோற்றுப்போகும். அரை மணி நேரத்தில் எண்ணெய் அடியில் இறங்கி, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி அடையாகும். ஆனால் திரும்பச் செய்ய 15 நிமிடம்தான் என்பதால் பிந்தி வருகிறவருக்குப் புதிதாகவே செய்துவிடலாம். ஒருவர் இருவருக்கு இதை மிஞ்ச எதுவுமில்லை. ஐந்து பேருக்கு ஒரே வாணலியில் புரட்டினால் பாதி காய்ந்தும் பாதி எண்ணெயில் ஊறியும் வரும்.

காச்சோ ஏ பேபேயைப் பார்த்துத்தான் ஏமாறுகிறோம். பெக்கொரினோ சீஸ், மிளகு, பாஸ்தா. மூன்றே பொருள், ரோமாபுரியின் பெருமை. நான்கில் மிகக் கடினமானதும் இதுதான். சூடு கொஞ்சம் ஏறினாலும் சீஸில் உள்ள புரதம் திரண்டு, சாஸ் ரப்பர் உருண்டையாகிவிடும். இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் இதை உட்கார்ந்து ஆராய்ந்து, 2025இல் இக் நோபல் பரிசே வாங்கினார்கள், சிரிக்கவைத்து யோசிக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கும் பரிசு அது. அவர்கள் கண்டது, சீஸ் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாவுச்சத்து இருந்தால் திரளாது என்பது. வீட்டுக் கணக்கில் 160 கிராம் சீஸுக்கு 4 கிராம் கார்ன்ஃப்ளாரைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, ஆறவைத்து, சீஸோடு அடித்துக்கொள்வது. வேலை செய்யும் வழிதான். ஆனால் செய்த சூட்டில் தட்டுக்குப் போக வேண்டும். பெரியவள் செருப்பைக் கழற்றும்வரைகூடப் பொறுக்காது. சைவக்காரர்களுக்கு இன்னொன்று: பெக்கொரினோ ரொமானோ, பார்மிஜானோ இரண்டிலும் பாலை உறையவைக்க விலங்கின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்க்கிறார்கள். பச்சைப் புள்ளி பார்த்து வாங்கும் சீஸ் வேறு, அதில் இந்தப் பண்டம் அதே ருசியில் வராது.

ஆக, வார நாளுக்குத் தக்காளி. சின்னவர்கள் அடம்பிடிக்கும் நாளில் வெள்ளை. யாரும் இல்லாத ராத்திரிக்குப் பூண்டு. காச்சோ ஏ பேபேயைக் குடும்பச் சாப்பாட்டுப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். ஓடிஜி என்கிற சின்ன மின் ஓவன் இருக்கிற வீட்டில் ஞாயிற்றுக்கிழமை, மீந்த தக்காளி சாஸையும் வெள்ளை சாஸையும் கலந்து, வேக 2 நிமிடம் பாக்கி இருக்கும்போதே வடித்த பென்னேயைப் புரட்டி, மேலே சீஸ் தூவி, 200 டிகிரியில் 20 நிமிடம் வைத்தால் அது தனி விருந்து.

பதம் பற்றிச் சண்டை வரும், தயாராக இருங்கள். நடுவில் கொஞ்சம் கடிபட வேண்டும் என்று பிள்ளைகள் இணையத்தில் படித்துவிட்டு வருவார்கள். “இது வேகவே இல்லையேம்மா” என்று பாட்டி தட்டைத் தள்ளுவார். தவணை தவணையாக வேகவைக்கிற வீட்டில் இதற்கும் வழி உண்டு. பாட்டியின் பங்கை 3 நிமிடம் கூடுதலாக விடுங்கள். வடிக்கும்போது தண்ணீரைக் கொட்டாமல் ஜல்லிக்கரண்டியால் அள்ளுங்கள். அதே தண்ணீரில் அடுத்த தவணையையும் போடலாம். அதற்குள் மாவுப்பசை ஏறி, சாஸ் முன்னதைவிட நன்றாகவே ஒட்டும். உப்பை மட்டும் ஒரு தடவை நாக்கில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், தண்ணீர் வற்றியிருக்கும்.