‘குளூட்டன் ஃப்ரீ பீட்சா மிக்ஸ்’ என்று சம்பா கோதுமையை விற்கிறார்கள்: சீலியாக் உள்ள வீட்டார் கவனிக்க

இன்ஸ்டாகிராமில் கோவைப் பக்கம் வீட்டிலேயே தயாரித்து விற்கிற ஒருவர், ‘குளூட்டன் ஃப்ரீ பீட்சா மிக்ஸ், பிரெட் மெஷினுக்கு ஏற்றது’ என்று ஒரு மாவு விற்கிறார். புகார் விசாரணையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. உடம்பு இளைக்க வேண்டும் என்று கோதுமையை விட்டவர்களுக்கு இதில் பணம்தான் நஷ்டம். வீட்டில் சீலியாக் (குளூட்டன், அதாவது கோதுமை மாதிரி தானியங்களில் உள்ள பசைப் புரதம், உள்ளே போனால் சிறுகுடலையே பாதிக்கிற நோய்) உள்ள பிள்ளையோ பெரியவரோ இருந்தால் கதையே வேறு. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் மகளுக்கு சீலியாக். ரத்தத்தில் டிடிஜி என்கிற சீலியாக் சோதனை பார்த்து, அப்புறம் எண்டோஸ்கோப்பி வைத்துச் சிறுகுடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். கோதுமை, பார்லி, ரை மூன்றும் ஆகாது. நம் ஊரில் இட்லி, தோசை, ஆப்பம், சோறு என்று பெரும்பாலும் ஓடிவிடும். மாட்டிவிடுவதெல்லாம் சில்லறைச் சாமான்தான்: கூட்டுப் பெருங்காயத்தில் மைதா, சோயா சாஸில் கோதுமை, பாலில் கலக்கும் சத்து பவுடரில் பார்லி மால்ட். பீட்சாவுக்கு ஏங்குகிற வயதில் கடையில் வாங்கித் தர வழியில்லாமல்தான் மாவை அதுவே பிசைந்து, உப்பவைத்து, சுட்டும் தருகிற பிரெட் மெஷின் வாங்கினோம். அதற்குள் கோதுமை போகவே கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

மிக்ஸ் அரைக்கிலோ 480 ரூபாய், கூரியர் தனி. பாக்கெட்டின் முன்பக்கம் கோதுமைக் கதிரின் குறுக்கே கோடு போட்ட படம். பின்பக்கம் ‘அரிசி, சிறுதானியங்கள், பாரம்பரிய தானியம், இயற்கை ஈஸ்ட், இந்துப்பு’. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண்ணும் இருந்தது. சீலியாக் குழந்தைக்குத் தரலாமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு, “தாராளமா தரலாங்க அக்கா, நூறு சதவீதம் சேஃப்” என்று பதில் வந்தது. அந்தப் பதிலின் ஸ்கிரீன்ஷாட் இப்போது புகாரோடு இணைந்திருக்கிறது.

முதலில் என் வீட்டுக்காரர்தான் அதைப் போட்டார். நல்ல உப்பலாக, மடித்தால் விரியாமல், கடைப் பீட்சா போலவே வந்தது. மகள் குதித்தாள். மறுநாள் வயிற்று வலி, வாய்ப்புண், பள்ளிக்கூடத்துக்கு லீவு. முந்தின நாள் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தோம். அங்கே சாம்பார்ப் பெருங்காயமாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அடுத்த முறை நான் போட்டேன். பிசைகிற நேரத்தில் மூடியைத் திறந்தேன். மாவு பாத்திரத்தின் சுவரை விட்டு விலகி, வழவழப்பான ஒரே உருண்டையாக, பிசைகிற துடுப்போடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு மூலையைக் கிள்ளி இழுத்தால் கிழியாமல் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெலிந்தது. பரோட்டா மாஸ்டர் வீசுகிற மாவு மாதிரி. அரிசி மாவும் சிறுதானியமும் எந்த ஜென்மத்திலும் இப்படி வராது.

குளூட்டன் இல்லாத மாவு மெஷினுக்குள் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏமாறாமல் இருக்க அதுதான் உதவும். அது உருண்டையே ஆகாது. துடுப்பைச் சுற்றி நடுவில் மட்டும் கலந்து, நான்கு மூலையிலும் உலர்ந்த மாவு அப்படியே நிற்கும். சிலிக்கான் கரண்டியால் நாம்தான் வழித்து உள்ளே தள்ள வேண்டும். நான் போடும் கணக்கு: அரிசி மாவு 150 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 75, உருளைக்கிழங்கு ஸ்டார்ச் 75, இசப்கோல் உமி 15, ஈஸ்ட் 5, உப்பு 6, கொஞ்சம் சர்க்கரை, ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய், தண்ணீர் 290 மில்லி. கோதுமை மாவைவிட இது அதிகம் தண்ணீர் குடிக்கும், கிட்டத்தட்ட மாவின் எடைக்குச் சமமாக. பிடித்து வைப்பது இசப்கோல்தான். ஆனால் அது வழுவழுப்பைத் தருமே தவிர, இழுத்துவிட்டால் திரும்பிச் சுருங்குகிற குணத்தைத் தராது. பிசைந்து முடிந்ததும் மெஷினை நிறுத்திவிடுவேன். சாதாரண மாவு புரோகிராமில் ஒரு முறை உப்பிய பிறகு மெஷின் மறுபடி பிசையும். கோதுமை அதைத் தாங்கி மீண்டும் எழும். இந்த மாவில் போன காற்று போனதுதான். எண்ணெய்த் தாளில் ஈரக்கையால் தட்டி, அரை மணி நேரம் விட்டு, 220 டிகிரியில் வெறும் அடியை எட்டுப் பத்து நிமிடம் வேகவிட்டு, அப்புறம்தான் சாஸும் சீஸும்.

சரி, அந்த உருண்டைக்கு வருகிறேன். எலுமிச்சை அளவு எடுத்து, ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டுப் பிசைந்தேன். தண்ணீர் பால் நிறமானது. கொட்டிவிட்டு மறுபடி. தண்ணீர் தெளியும்போது அரிசி மாவாக இருந்தால் கையில் ஒன்றும் மிஞ்சக் கூடாது, இசப்கோல் இருந்தால் கொழகொழப்பு மிஞ்சும். என் கையில் மிஞ்சியது பழுப்பு நிறத்தில் ஒரு கட்டி. இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. அதுதான் குளூட்டன், அதைத்தான் கண்ணாலேயே பார்த்துவிட்டோமே. ஒரு எச்சரிக்கை: கரைந்து போய்விட்டது என்றால் அந்த மாவு பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் நாட்டு விதிப்படி குளூட்டன் ஃப்ரீ என்று போட ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அவ்வளவு சின்ன அளவைக் கண்ணும் கையும் கண்டுபிடிக்காது. எங்கள் பாக்கெட்டில் அள்ளிப் போட்டிருந்ததால் மாட்டியது.

விற்றவரிடம் கேட்டேன். முதலில், “எங்ககிட்ட வாங்கற எல்லாருமே நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க அக்கா.” நல்லா இருந்ததுதானே பிரச்சினையே! பாரம்பரிய தானியம் என்றால் எது என்று அழுத்திக் கேட்ட பிறகு, “அது மைதா இல்லீங்க, சம்பா கோதுமைங்க. சுகர்காரங்களே சாப்பிடறாங்க. அதுல குளூட்டன் இருக்காதுங்க.”

இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன், ஏனென்றால் இவர் மட்டும் சொல்வதில்லை. ஆர்கானிக் கடைகளிலும் இதே பேச்சு. சம்பா கோதுமை, வடக்கே கப்ளி என்பார்கள், அதுவும் கோதுமைதான். அதில் குளூட்டன் இருக்கிறது. மைதாவைவிடச் சவ்வுத்தன்மை குறைவாக இருக்கலாம், சர்க்கரை ஏறுவது மெதுவாக இருக்கலாம். சீலியாக்குக்கு அது கணக்கே இல்லை. நண்பர் ஒருவர், இத்தாலியில் குளூட்டன் நீக்கிய கோதுமை ஸ்டார்ச்சில் பீட்சா மாவு வருகிறதே என்றார். உண்மைதான், ஆலையில் புரதத்தைப் பிரித்தெடுத்து, 20-க்குள் என்று சோதித்து விற்பது அது. வீட்டுத் திரிகையில் அரைத்த சம்பா அந்த வகையில் சேராது. அவ்வளவு இழுபடுகிற மாவில் வெறும் சம்பாதான் இருந்ததா, மைதாவும் சேர்ந்ததா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்.

பணம் கேட்டதும் ஜிபேயில் 480 திரும்பி வந்தது, கூரியர் காசு வரவில்லை. என் கமெண்ட்டை அழித்து, என்னை பிளாக் செய்தார். பிரிக்காத இன்னொரு பாக்கெட்டைத் தனியார் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். 20-க்குள் இருக்க வேண்டியது, அவர்கள் அளக்கக்கூடிய உச்ச வரம்பையே தாண்டிவிட்டதாக அறிக்கை. அதை வைத்து மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். அரசுப் பகுப்பாய்வாளரிடம் நாமே கட்டணம் கட்டிச் சோதிக்கவும் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவில் இடம் உண்டு. ஆனால் வாங்கும்போதே விற்பவரிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டுமாம்! கூரியரில் வாங்குகிறவர் யாரிடம் போய்ச் சொல்வது? அலுவலர்கள் தாங்களே மாதிரி எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மெஷின் கதை தனி. சூடு பட்டால் குளூட்டன் அழியாது. துடுப்பைக் கழற்றினால் அச்சாணியைச் சுற்றி, ரப்பர் வளையத்தின் விளிம்பில் காய்ந்த மாவு கருப்பாக ஒட்டியிருந்தது. ஊறவைத்து, பல்குத்தும் குச்சியால் சுரண்டியும் மனசு ஒப்பவில்லை. பாத்திரமும் துடுப்பும் புதிதாக வாங்கினோம். பழைய பிரெட் மெஷினை ஓஎல்எக்ஸில் வாங்க நினைக்கிறவர்கள் இந்த அச்சாணியை யோசித்துக்கொள்ளுங்கள். ரைஸ் மில்லில் மாவு அரைப்பவர்களும்தான், நமக்கு முன்னால் யார் கோதுமை அரைத்தார்களோ.

அந்த 14 இலக்க எண் தொழில் நடத்தப் பதிவு செய்ததற்கான அடையாளம், மாவு சோதிக்கப்பட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. கதிர்ப் படம் பதிவு பெற்ற சின்னம். அதைப் போட முறைப்படி உரிமம் வாங்கிய தயாரிப்பாளர்கள் படத்தோடு உரிம எண்ணும் போட்டிருப்பார்கள். 2020 லேபிள் விதிகளின்படி கோதுமை இருந்தால் அதை ஒவ்வாமைப் பொருளாகத் தனியே அச்சிட வேண்டும். பொத்தாம்பொதுவாகப் ‘பாரம்பரிய தானியம்’, ‘மல்டி கிரெயின்’ என்று போட்டிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். பரிசோதனை அறிக்கை கேளுங்கள், அதில் பேட்ச் எண்ணும் பிபிஎம் அளவும் (ஒரு கிலோவில் எத்தனை மில்லிகிராம் குளூட்டன் என்பது) இருக்க வேண்டும்.

ஏற்கனவே வாங்கியவர்கள் ஆத்திரத்தில் பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பிரிக்காதது இருந்தால் அப்படியே வையுங்கள், பேட்ச் எண், தேதி தெரிய படம் எடுங்கள், வாட்ஸ்அப் பேச்சு அழிவதற்குள் சேமியுங்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும், ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியிலும் புகார் பதியலாம். அந்தப் பக்கம் இன்னும் ஓடுகிறது. ‘குளூட்டன் ஃப்ரீ’ என்பதை மட்டும் எடுத்துவிட்டு ‘குளூட்டன் ஃப்ரெண்ட்லி’ என்று போட்டிருக்கிறார்கள். விலை 520 ஆகிவிட்டது.