பெட்ரோல் போட்ட பிறகு மட்டும் கார் கிளம்பவில்லையா? பம்பை மாற்றச் சம்மதிக்காதீர்கள்

நெல்லைப் பக்கம் பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். என்னிடம் 19,200 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். பழுது அப்படியே இருந்தது.

சித்திரை வெயில், உச்சிப்பொழுது. அம்மாவைக் கண் மருத்துவரிடம் காட்டுவதற்காகச் சேரன்மகாதேவியிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பேட்டைப் பக்கம் ஒரு பங்கில் டேங்கை நிரப்பிவிட்டுச் சாவியைத் திருகினால், செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்க, பங்குப் பையன்கள் இருவர் காரை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். கால் மணி நேரம் கழித்துப் பெட்ரோல் நாற்றத்தோடு குலுங்கிக் கிளம்பியது. பிறகு ஒரு குறையும் இல்லை. மறுநாள் காலையில் ஒரே திருகலில் பிடித்தது. அடுத்த முறை பெட்ரோல் போட்டதும் மீண்டும் அதே கதை.

நகரில் பெயர் பெற்ற ஒரு பட்டறையில் விட்டேன். பெட்ரோல் போட்ட பிறகு மட்டும்தான் இப்படி ஆகிறது என்று மூன்று முறை சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. முதலில் பேட்டரி பலவீனம் என்று 5,800 ரூபாய். பேட்டரி பலவீனமாக இருந்தால் செல்ஃப் இழுத்து இழுத்தல்லவா சுற்றும்? அன்று எனக்கு அது தோன்றவில்லை. அடுத்த வாரம், "எத்தனால் கலந்த பெட்ரோல் உங்கள் பம்பைத் தின்றுவிட்டது, மோட்டார் எரிந்துபோயிற்று" என்றார்கள். டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் அந்தப் பம்பை மாற்றக் கூலியோடு 13,400 ரூபாய். பழைய பம்பைக் கேட்டதற்கு முகம் சுளித்துக்கொண்டே தந்தார்கள். நல்ல வேளையாகக் கேட்டேன்.

அந்தப் பேச்சை நம்பி நான் செய்த காரியம் இன்னும் உறுத்துகிறது. பங்குக்குப் போய்க் கலப்படம் என்று சத்தம் போட்டேன். மேலாளர் நிதானமாக வடிதாளை எடுத்துக் கொடுத்தார். அதில் விட்ட துளி கறையில்லாமல் காய்ந்தது. ஜாடியில் பெட்ரோல் பிடித்து அடர்த்தியையும் வெப்பநிலையையும் பார்த்து, 15 டிகிரிக்குக் கணக்கிட்டு, அன்று காலைப் பதிவோடு ஒப்பிட்டுக் காட்டினார். அடர்த்தியில் கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இருக்கவும் இல்லை. கண்ணாடிப் புட்டியிலும் கொஞ்சம் பிடித்து வைத்தார். தண்ணீர் இருந்தால் கலங்கி அடியில் தங்கும். அது தெளிவாகவே நின்றது. பாவம், அந்த மனிதரை எல்லார் முன்னிலையிலும் ஏசிவிட்டேன். பிறகு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

புதுப் பம்ப் போட்டபின் முதல் முறை டேங்கை நிரப்பினேன். கார் கிளம்பவில்லை.

கடைசியில் எங்கள் ஊரில் புளியமரத்தடியில் கொட்டகை போட்டிருக்கும் அண்ணாச்சியிடம் போனேன். அவர் பானட்டைத் திறக்கும் முன்பே கேட்டார்: "எப்போது கிளம்பாது தம்பி?" சொன்னேன். "அப்படியானால் பம்ப் இல்லை. பம்ப் கெட்டிருந்தால் காலையிலும் மக்கர் செய்யும். பெட்ரோல் போட்டதும் மட்டும் என்றால் பர்ஜ் வால்வைப் பார்க்க வேண்டும்."

டேங்கில் எழும் பெட்ரோல் ஆவி வெளியே போகாமல் ஒரு கரி டப்பாவில் தங்குகிறது. வண்டி ஓடும்போது இந்த வால்வு திறந்து, அந்த ஆவியை இன்ஜினுக்கு அனுப்பி எரிக்கும். மற்ற நேரம் மூடியிருக்க வேண்டும். திறந்தபடியே சிக்கிக்கொண்டால், டேங்கை நிரப்பும்போது கிளம்பும் ஆவி மொத்தமும் இன்ஜினுக்குள் புகுந்துவிடும். பெட்ரோல் மிஞ்சி, காற்று போதாமல் பற்றாது. ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு சாவியைத் திருகச் சொன்னார். காற்று கூடுதலாகப் போனதும் குலுங்கிப் பிடித்தது.

இன்ஜின் ஆறிய பின் வால்வைக் கழற்றினார். உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்பு பிளாஸ்டிக், இரண்டு பக்கமும் குழாய் மூக்கு. துணியால் துடைத்து, "ஊதிப் பாருங்கள்" என்று கையில் கொடுத்தார். மின்சாரம் இல்லாதபோது காற்று போகவே கூடாது. என் மூச்சு தடையே இல்லாமல் மறுபக்கம் போய் அவர் விரலில் பட்டது. புது வால்வு 1,850 ரூபாய், கூலி 200. அதற்குப் பிறகு ஆறு முறை டேங்கை நிரப்பிவிட்டேன். ஒவ்வொரு முறையும் உடனே கிளம்பியது.

இன்னொன்றும் சொன்னார். பங்கில் பெட்ரோல் போடும் துப்பாக்கிக் குழாய் தானாக நின்ற பிறகும் தொகையை ரவுண்டாக்கப் போடச் சொல்லாதீர்கள். அப்படித் திணிக்கும் பெட்ரோல் திரவமாகவே கரி டப்பாவுக்குள் போய் அதையும் கெடுக்கும். நான் வருடக்கணக்காக ரவுண்டாக்கிக்கொண்டிருந்தவன்.

எரிந்துபோனது என்றார்களே, அந்தப் பழைய பம்பின் கம்பிகளை அண்ணாச்சி பேட்டரியில் ஒரு நொடி தொட்டார். விர்ரென்று சுற்றியது.

பட்டறை முதலாளியிடம் அதை எடுத்துப்போய்க் காட்டினேன். "மாற்றியது மாற்றியதுதான்" என்று எழுந்து போய்விட்டார். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். இரண்டு பில்லும் அந்தப் பம்பும் ஒரே பையில் பத்திரமாக இருக்கின்றன.