காது இரைச்சலை மெழுகுக் குழலால் போக்குவதாகச் சொன்னால் நம்பாதீர்கள்

சோமனூரில் விசைத்தறிக் கூடத்தில் 22 ஆண்டுகளாக வேலை செய்யும் எனக்கு, சென்ற ஆண்டு முதல் இரவில் படுத்தவுடன் இரண்டு காதுகளிலும் சில்வண்டு கத்துவது போன்ற ஓசை கேட்கத் தொடங்கியது. பகலில் தறிச் சத்தத்தில் தெரியாத அந்த ஓசை, ஊர் அடங்கிய பிறகு தூங்க விடாது. இந்த நிலையில்தான், பத்தே நாளில் இரைச்சல் அடியோடு நின்றுவிடும் என்ற துண்டு விளம்பரத்தை நம்பி, கோவையிலுள்ள ஒரு மையத்தில் 18,500 ரூபாய் கட்டினேன்.

அங்கு என் காதுக்குள் விளக்கடித்துப் பார்க்கவோ, கேட்கும் திறனைச் சோதிக்கவோ எவரும் முனையவில்லை. என்ன வேலை செய்கிறேன், என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்றுகூடக் கேட்கவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, மெழுகு தோய்த்த துணிக் குழல் ஒன்றைக் காதில் செருகி, மேல்முனையைக் கொளுத்தினார்கள். எரிந்து எஞ்சிய அடிக்கட்டையைக் கத்தரித்து விரித்து, உள்ளே திரண்டிருந்த மஞ்சள் தூளைக் காட்டி, "பாருங்கண்ணா, இத்தனை வருசத்து அழுக்கு" என்றார் அங்கிருந்த பெண். நானும் நம்பினேன்.

ஆறாம் நாள் உருகிய மெழுகு வலது காதுக்குள் சொட்டிச் சுட்டது. அன்றிரவு, வீட்டுக்குத் தந்திருந்த நான்கு குழல்களில் ஒன்றை என் மகள் ஒரு வெறும் தம்ளரில் நிறுத்திக் கொளுத்தினாள். அணைத்து விரித்துப் பார்த்தால், அதே மஞ்சள் தூள். காதே இல்லாத இடத்தில் காதழுக்கு எப்படி வரும்? அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010-ஆம் ஆண்டிலேயே இக்குழல்களால் தீக்காயமும் செவிப்பறைக் கிழிசலும் நேரலாம் என்று எச்சரித்திருப்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

மறுநாள் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர், உறைந்திருந்த மெழுகை நுண்ணோக்கி வைத்து எடுத்துவிட்டு, செவித்திறன் சோதனைக்கு அனுப்பினார். சோதனை வரைபடத்தில், கீச்சொலிகளுக்கான 4000 ஹெர்ட்ஸ் அருகே கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. தறிச் சத்தத்தில் உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் தேய்ந்ததன் அடையாளம் அது என்றும், அச்செல்கள் மீண்டும் முளைப்பதில்லை என்றும், இரைச்சலை முற்றாகப் போக்கும் மாத்திரை எதுவும் இல்லை என்றும் ஒளிக்காமல் சொன்னார். காதில் அழுக்கு அடைத்திருந்தாலோ, சில மருந்துகளாலோ வரும் இரைச்சல், காரணத்தைச் சரிசெய்தால் குறையக்கூடும். எனக்குக் காது கேட்கும் கருவியும், இரவில் மெல்லிய ஒலியில் வானொலியும், வேலையிடத்தில் காதடைப்பானும் பரிந்துரைத்தார். இப்போது ஓசை இருக்கிறது, ஆனால் தூங்குகிறேன். ஒரு காதில் மட்டும் இரைச்சல் கேட்டாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து துடித்தாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். திடீரெனக் கேட்கும் திறன் குறைந்தால் ஓரிரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது, ஏனெனில் அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சையை உடனே தொடங்கினால்தான் பலன் கூடுதல். அந்த நாட்களைத்தான் இத்தகைய மையங்கள் தின்றுவிடுகின்றன.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ரசீதில் சிகிச்சை என்று எழுதவில்லை, 'நலவாழ்வுச் சேவை' என்றுதான் இருக்கிறது என்று கையை விரித்துவிட்டார்கள். அந்த ரசீதையும், துண்டு விளம்பரத்தையும், மிஞ்சிய மூன்று குழல்களையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.