எவோ 9க்கு எந்த டர்போ? சின்னதா, பெருசா, இல்ல ஸ்ட்ரோக்கரா?

மிட்சுபிஷி லான்சர் எவோ 9ல பவர் ஏத்தணும்னு கிளம்பினா முன்னாடி மூணு வழி இருக்கு. ஸ்டாக் டர்போ (கம்பெனி வச்ச டர்போ; எக்ஸாஸ்ட் வேகத்துல சுத்தி இன்ஜினுக்குள்ள காத்த அழுத்தி தள்ற சாதனம்) உக்காந்திருக்க இடத்துலயே கொஞ்சம் பெரிய வீல் வச்ச டர்போ, இல்ல 2.0 லிட்டர் இன்ஜின அப்படியே வச்சுட்டு பெரிய டர்போ, இல்ல கிராங்க் (பிஸ்டனோட ஏற்ற இறக்கத்த சுழற்சியா மாத்துற தண்டு) மாத்தி, பிஸ்டன் ஓடுற தூரமான ஸ்ட்ரோக்க கூட்டி 2.3 லிட்டராக்குற ஸ்ட்ரோக்கர். எதுக்கு போனாலும் சரி, டைனோ (கார ரோலர்ல ஓட்டி பவர் அளக்குற மெஷின்) ஷீட்ட மட்டும் நம்பி காசு எடுத்து வைக்காதீங்க.

ஏன்னா டைனோல பெரும்பாலும் நாலாவது கியர்லதான் இழுப்பாங்க, அதுல ஆர்பிஎம் மெதுவா ஏறும், டர்போ சுத்தி எழுந்துக்க நேரம் கிடைக்கும், ஷீட்ல 4000 ஆர்பிஎம்லயே ஃபுல் பூஸ்ட்னு (டர்போ குடுக்குற காத்தழுத்தம் முழுசா வந்துடுச்சுன்னு) அழகா காட்டும். அதே கார ரோட்டுல ரெண்டாவது கியர்ல முழுசா மிதிச்சு பாருங்க, ஆர்பிஎம் சர்ருன்னு ஏறிடும், டர்போவால அந்த வேகத்துக்கு ஈடு குடுக்க முடியாது, ஃபுல் பூஸ்ட் வர்றதுக்குள்ள ஊசி எங்கயோ போயிருக்கும். அதோட, கார்னர்ல கால எடுத்துட்டு திரும்ப மிதிச்சா பூஸ்ட் வர எவ்ளோ நேரம் ஆகுதுங்கறது அந்த ஷீட்ல வரவே வராது. ஓட்டுறவனுக்கு ரெஸ்பான்ஸ்னா அதுதான்.

முதல் வழி ரொம்ப சிம்பிள். ஸ்டாக் மேனிஃபோல்டுலயே (எக்ஸாஸ்ட்ட டர்போவுக்கு கொண்டு போற குழாய்) மாட்டிக்கலாம், செலவு கம்மி, எக்ஸாஸ்ட் ரெண்டு தனி வழியா டர்போவுக்குள்ள போற ட்வின் ஸ்க்ரோலும் கைவிட்டு போகாது. எவோ 9ல இருக்க 4ஜி63 இன்ஜின்ல ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர் எரியுற வரிசை) 1-3-4-2, அதனால 1-4 சிலிண்டர் ஒரு வழியாவும் 2-3 இன்னொரு வழியாவும் டர்பைனுக்கு (எக்ஸாஸ்ட் சுத்துற டர்போ வீலுக்கு) போகுது, ஒண்ணோட எக்ஸாஸ்ட் பல்ஸ் இன்னொண்ணுல போய் இடிக்காது. கீழ சுறுசுறுப்பா இருக்கும், மேல போனா அந்த சின்ன ஹவுசிங்ல மூச்சு முட்டிடும். 400 ஹெச்பி பக்கம் போதும்னா இதோட நிறுத்திக்கலாம்.

பெரிய டர்போ, கேரட் ஜி30-770 மாதிரி, நேர் ரோட்டுல நினைக்கிற அளவுக்கு லேக் (மிதிச்சதுக்கும் பூஸ்ட் வர்றதுக்கும் நடுவுல வர்ற தாமதம்) தெரியாது. 5 ஸ்பீட் பாக்ஸ்ல ரெண்டாவது கியர் 1.950, மூணாவது 1.407, 7500ல ஷிஃப்ட் பண்ணா 5400ல வந்து விழுது, அங்க டர்போ ஏற்கனவே முழிச்சிருக்கும். அதனாலதான் நேர் ரோட்டு டிராக் ரேஸ் (drag race) ஓட்டுறவங்க லேக்கே இல்லன்னு சொல்றாங்க, அவங்க சொல்றது பொய் இல்ல. ஆனா ஜப்பான்ல சுகுபா மாதிரி 2.045 கிலோமீட்டர் குட்டி சர்க்யூட்டுக்கு கொண்டு போங்க, ஹேர்பின் முடிஞ்சு ரெண்டாவது கியர்ல 4000 சொச்சத்துல வெளிய வரும்போது மிதிச்சா ஒண்ணும் நடக்காது, ஸ்டீயரிங் நேராக்கப் போற நேரத்துல மொத்த டார்க்கும் (சக்கரத்த திருப்புற விசை) ஒரே அடியா வந்து மூக்கு வெளிய தள்ளும். அதுலயும் செலவு மிச்சம்னு ட்வின் ஸ்க்ரோல விட்டுட்டு ஒரே வழி உள்ள ஓப்பன் ஹவுசிங் வச்சா இன்னும் மோசம்.

அப்ப ஸ்ட்ரோக்கர்? 88 மிமீ ஸ்ட்ரோக்குக்கு பதிலா 4ஜி64 இன்ஜினோட 100 மிமீ கிராங்க் போடுறாங்க, அதே டர்போ சில நூறு ஆர்பிஎம் முன்னாடியே எழுந்துக்கும், ஓட்ட ரொம்ப சுகமா இருக்கும். ஆனா கணக்கு போட்டு பாருங்க, 100 மிமீ கிராங்க் 7500ல சுத்தும்போது பிஸ்டனோட சராசரி வேகம் செகண்டுக்கு 25 மீட்டர், 88 மிமீக்கு அந்த வேகம் வர 8500 ஆகணும், அதாவது ஸ்ட்ரோக்கர அவ்ளோ மேல ரெவ் பண்ண முடியாது. கீழ கிடைச்சத மேல திருப்பி குடுத்தாச்சு, பவர்பேண்ட் (இன்ஜின் நல்லா இழுக்குற ஆர்பிஎம் எல்லை) அகலமாகல, அப்படியே கீழ இறங்கியிருக்கு, அவ்ளோதான். கூடவே கீழயே கொட்டுற டார்க்க ராடும் கியர்பாக்ஸும் தாங்கணும், எவோ 9 எம்ஆர் வேரியன்ட்ல வர்ற 6 ஸ்பீட் பாக்ஸ்னா இன்னும் ஜாக்கிரதை.

தினமும் ஓட்டி அப்பப்ப சர்க்யூட்டும் போற கார்னா என் ஓட்டு 2.0 பிளாக், போர்க்வார்னர் ஈஎஃப்ஆர் 7670 சைஸ் டர்போ, ட்வின் ஸ்க்ரோல் ஹவுசிங், நல்ல ராடு பிஸ்டன். அதுல டர்பைன் வீல் டைட்டானியம் அலுமினைடு, வழக்கமான இன்கொனெல் வீல விட ரொம்ப லைட், கால வச்சதும் வித்தியாசம் தெரியும். எவோ 9ல இன்டேக் கேமுக்கு மைவெக் (வால்வு திறக்குற நேரத்த மாத்துற சிஸ்டம்) இருக்கறதால மிட்ரேஞ்ச்ல அத அட்வான்ஸ் பண்ணியே ஸ்பூல (டர்போ சுத்தி எழுந்துக்கறத) இன்னும் கொஞ்சம் முன்னாடி இழுக்கலாம், பூஸ்ட் டார்கெட்டுக்கு வர்ற வரைக்கும் வேஸ்ட்கேட்ட (எக்ஸாஸ்ட்ட டர்பைன தாண்டி வெளிய விடுற வால்வு) இறுக்கி மூடியே வைக்க டியூனர்கிட்ட சொல்லுங்க. கார டெலிவரி எடுக்கும்போது டியூனர்கிட்ட டைனோ ஷீட்டோட ரெண்டாவது கியர்ல ஓட்டி பதிவு பண்ண டேட்டா லாக்கும் கேட்டு வாங்குங்க, த்ராட்டில் திறந்த நொடிலேர்ந்து பூஸ்ட் எப்ப வந்துச்சுன்னு அதுல அப்படியே இருக்கும்.